அஞ்சு பிளை

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள்.
அதனால் அட்டைப்பெட்டி மலிவு.
ஹவுஸ் ஓனர் மகன் மஸ்கட்டிலிருந்து வருகிறான்,
ஆவணி வரை பொறுக்க மாட்டானாம்.
லீ பஜாரில் ஜீலானி பாய் கடையில்
தட்டையாக்கிக் கட்டிய மாம்பழப் பெட்டிகள்
கிலோக் கணக்கில் கிடைத்தன.
சீசன் முடிந்தும் மல்கோவா வாசம் போகவில்லை.

"என்ன போடப் போறீங்கம்மா?" என்றார்.
பத்தொன்பது வருஷம்
செவ்வாய்ப்பேட்டை லாரி ஆபீஸில் பில் போட்டவளை
இப்படி ஒருவர் கேட்கலாமா.
தூக்கும் பையனின் தோள் சாய்வதைப் பார்த்தே
உள்ளே சுடிதாரா ஸ்டீல் டம்ளரா
சொல்லிவிடுவேன் நான்.
துணி என்று எழுதிக் கொடுத்துக்
கண்ணாடி அனுப்பியவர்கள் எத்தனை பேர்!
ஆனாலும் அன்றைக்கு
சட்டென்று ஒன்றும் வாயில் வரவில்லை.
"வீடு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
ஒரு பெட்டியின் ஓரத்தைக் கிழித்து
நெளிநெளியான உள்பக்கத்தைக் காட்டினார்.
"இது மூணு பிளை, தலையணைக்குப் போதும்.
பாத்திரம்னா அஞ்சு பிளை எடுத்துக்குங்க.
பிஸ்கட் பெட்டி வேணாம், எறும்பு வரும்.
டாஸ்மாக் பெட்டி நல்ல உறுதி, உள்ளே தடுப்பு இருக்கும்,
கண்ணாடி கிளாசுக்குன்னே செஞ்ச மாதிரி.
ஆனா லேடீஸ் யாரும் கேக்கறதில்ல."
கேட்டேன். ஆறு கொடுத்தார்.

அம்மாப்பேட்டையில் மாடியேறும்போது
ஓனர் வீட்டம்மா பெட்டியின் பெயரைப் படித்துவிட்டுக்
கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

பெரிய பெட்டியில் புத்தகம் போடாதே என்று
தியாகுவுக்கு மூன்று முறை சொன்னேன்.
போட்டான்.
தூக்கினான்.
அடி பிரிந்தது.
படிப்படியாக முன்னேறுவதைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள்.
என் தபால்வழி பி.காம்.
படிப்படியாக இறங்கிப் போனதை அன்று பார்த்தேன்.

அதற்கப்புறம்தான்
பரணிலிருந்து அந்தப் பெட்டி வந்தது.
மேலே தியாகுவின் கையெழுத்தில் "முக்கியம்".
பொன்னம்மாப்பேட்டையைக் காலி செய்தபோது ஒட்டியது.
கிச்சிப்பாளையத்தில் ஐந்து வருஷம் பிரிக்கவில்லை,
இங்கே எட்டு வருஷம் பிரிக்கவில்லை.
அடிப்பக்கம் ஓதம் ஏறி
நமுத்த அப்பளம் மாதிரி கையோடு வந்தது.
வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும்.
மாற்ற வேண்டுமென்றால் திறக்க வேண்டும்.
திறக்காமல் அப்படியே உள்ளே வைக்க
இன்னும் பெரிய பெட்டி இருக்கிறதா என்று
தியாகு தேட ஆரம்பித்தான்.

"உள்ள என்ன இருக்கு?"
"முக்கியமானது."
"அதான் என்ன?"
"அதான் எழுதியிருக்கே."

தன்ஷிகா கத்தரிக்கோல் எடுத்து வந்தாள்.

ஒரு ஃபேன் ரெகுலேட்டர்.
செய்தித்தாளில் சுற்றிய குண்டு பல்பு, இழை அறாதது.
டெலிபோன் ரசீதுகளைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட்,
தொட்டதும் பொடியாயிற்று.
அடியில்
பச்சை நூலில் கோத்த பித்தளைச் சாவி.

பொன்னம்மாப்பேட்டை வீட்டுச் சாவி.
தொலைந்துபோனதற்கு
அட்வான்ஸில் முந்நூற்றைம்பது பிடித்தார் சென்றாயன்.
தொலைத்தது நான் என்று
பதின்மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் இவன்,
என் அம்மா வீட்டில்,
என் தங்கை வளைகாப்பில்,
கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில்
அவன் செருப்பு காணாமல் போனபோதுகூட.

நான் ஒன்றும் பேசவில்லை.
கட்டிலேயே பெரிதாக இருந்த
அஞ்சு பிளைப் பெட்டியை விரித்தேன்.
அடியில் இரண்டு வரிசை டேப்.
நடுவில் சாவியை மட்டும் வைத்தேன்.
அது அசையாதபடி நாலு பக்கமும்
மூன்று ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் திணித்தேன்.
மூடி ஒட்டி, ஆபீஸ் மார்க்கரில்
"உடையும் பொருள்" என்று எழுதி,
மேல்பக்கம் எதுவென்று அம்பும் போட்டேன்.

தியாகு இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து
இருபத்திரண்டு படியும்
கனக்கிற மாதிரியே இறங்கினான்.

"அடியில வைக்கவா, மேல வைக்கவா?"
டெம்போக்காரர் கேட்டார்.
தியாகு என் முகத்தைப் பார்த்தான்.
"மடியிலேயே வச்சிக்குவார்" என்றேன்.

சூரமங்கலம் வரைக்கும் மழை.